தவறு செய்யாதவருக்குப் பரிசு கொடுக்கலாமா?

கேள்வி: பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பில்லிங் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஏழு பேர். போன மாதம் ஒரு பெண் ஊழியர் இ-இன்வாய்ஸில் (ஜிஎஸ்டிக்காக அரசு போர்ட்டலில் பதியும் பில்) வரி விகிதத்தைத் தவறாகப் போட்டுவிட்டார். அன்றைக்கே கவனித்திருக்கிறார், ஆனால் சொல்லவில்லை. வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து யாரும் சரியாகப் பேசுவதில்லை. மாதம் முழுக்கத் தவறே செய்யாதவருக்கு ரொக்கப் பரிசு என்று அறிவித்தால் நிலைமை மாறுமா?

பதில்: அந்தப் பரிசை தயவுசெய்து அறிவிக்காதீர்கள். தவறு செய்யாமல் இருந்தும் அதை வாங்கலாம், செய்த தவறை மறைத்தும் வாங்கலாம். மறைப்பது சுலபம்.

இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலிலேயே ரத்து செய்யலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பெண் அன்று மாலையே உங்கள் மேஜைக்கு வந்திருந்தால், அதை ரத்து செய்துவிட்டு வேறு எண்ணில் புது பில் போட்டிருக்கலாம். நேரம் தாண்டியதால் கிரெடிட் நோட்டு (பழைய பில் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு), வாடிக்கையாளருக்கு விளக்கம் என்று இழுத்துவிட்டது. அவரை வரவிடாமல் தடுத்தது எது?

இதே முடிச்சில் ஒரு ஆராய்ச்சி மாணவியும் மாட்டிக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் ஏமி எட்மண்ட்சன் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்த ஒரு குழுவில் அவரும் இருந்தார். இரண்டு மருத்துவமனைகள், எட்டுப் பிரிவுகள். ஒற்றுமையாக வேலை செய்யும் பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது!

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு கலங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அதைத் தூக்கிப் போடவில்லை. நல்ல பிரிவுகளில் தவறை வெளிப்படையாகச் சொல்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார். இந்த எண்ணிக்கை எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை வார்டுகளுக்கு அனுப்பி, அங்கே எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார். மனம்விட்டுப் பேசும் இடங்கள் என்று உதவியாளர் சொன்னவையும், தவறு அதிகம் பதிவான பிரிவுகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. மற்ற இடங்களில் பயத்தில் மூடிவைத்திருந்தார்கள். இது 1996இல் கட்டுரையாக வந்தது. பிறகு ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற இந்தச் சூழலை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று குறிப்பிட்டார்.

அந்த ஆய்வில் ஊழியர்களிடம் கேட்டவற்றில் இரண்டை நீங்களே மனதில் கேட்டுப் பாருங்கள். இங்கே ஒரு தவறு செய்தால் அதையே பிறகு நமக்கு எதிராக வைத்துக்கொள்வார்களா? பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் உதவி கேட்பது கஷ்டமா? உங்கள் ஏழு பேர் என்ன பதில் சொல்வார்கள்?

இனி செய்ய வேண்டியது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டீர்கள், அதனால் எல்லார் முன்னாலும்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மற்ற ஆறு பேருக்கும் தெரியாது. “தவறு யாருக்கும் வரும், அன்றைக்கே சொன்னால் 24 மணி நேரத்துக்குள் சேர்ந்து சரிசெய்யலாம், நான் கத்தியிருக்கக் கூடாது” என்று சொன்னால் போதும். நீங்களே போட்ட தவறான பில் ஒன்றைப் பற்றியும் சொல்லுங்கள், கட்டாயம் ஒன்றாவது இருக்கும்.

தினமும் மாலை கிளம்புவதற்கு முன், “ஏதாவது பிரச்சினையா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை சார்” என்றுதான் வரும். “இன்றைக்கு எந்த பில்லில் சந்தேகம் வந்தது?” என்று கேளுங்கள். முதல் ஆள் வாய் திறக்கும்போது உங்கள் முகத்தை ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “சொன்னது நல்லது, வாங்க பார்க்கலாம்” என்று எழுந்து அவர் கம்ப்யூட்டர் பக்கம் போங்கள்.

இதற்காகக் கண்டிப்பை விட வேண்டியதில்லை. ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஆளோடு தனியாக உட்கார்ந்து, எந்தப் பொருளுக்கு எந்த வரி என்ற பட்டியலை அவர் மேஜையிலேயே ஒட்டிக்கொடுங்கள்.

முதல் இரண்டு மாதங்களில் உங்களிடம் வரும் தவறுகளின் எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம். மேலதிகாரிக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.