ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஏழு மாதத்தில் பசி திரும்பிவிட்டது. இரைப்பை மறுபடி பெருத்துவிட்டதா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எடை குறைக்க ஸ்லீவ் செய்து ஏழு மாதம் ஆகிறது, 24 கிலோ குறைந்திருக்கிறது. முதல் நான்கு மாதம் பசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. இப்போது காலை பதினோரு மணிக்கே வயிறு கேட்கிறது. ஆபரேஷன் வீணாகிவிட்டதோ, மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்குமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. கீழக்கரையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். 2021 நவம்பரில் மதுரைக்குப் போய் இதே ஆபரேஷன் செய்துகொண்டேன். அன்றைக்கு 118 கிலோ, உயரம் 158 செ.மீ. ஒன்றரை வருடத்தில் 79க்கு இறங்கி, இப்போது 83ல் நிற்கிறேன். உங்களுக்கு ஏழாம் மாதத்தில் வந்த பயம் எனக்கு எட்டாம் மாதத்தில் வந்தது.

ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. தையல்காரியான எனக்கு டாக்டர் படம் போட்டு விளக்கத் தேவையே இருக்கவில்லை. அகலமான துணியை நீளவாக்கில் வெட்டி, ஒல்லியாக ஒரு கை தைத்து, மிச்சத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் போய்விடுகிறது. போகிற பகுதியில்தான் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999ல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. வயிறு காலியானதும் மூளையிடம் போய்ச் சோறு கேட்கிற ஆள் அதுதான். இன்னொரு பக்கம், சாப்பாடு முன்னைவிட வேகமாகக் குடலுக்கு இறங்குவதால் "போதும்" என்று சொல்கிற ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. இப்போது எல்லோரும் பேசுகிற வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசி பார்க்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ஆகவே முதல் மாதங்களில் நமக்குப் பசிக்காமல் போனதில் நம் மன உறுதிக்குப் பங்கே இல்லை. கேட்கிற ஆளை ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பசியில்லாத காலம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஏழு வயதிலிருந்து நோன்பு பிடிக்கிறவள் நான். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு வயிறு ஒட்டிக்கொள்வது, நோன்பு திறக்கிற மஃரிப் நேரம் நெருங்கும்போது கஞ்சி மணம் மூக்கில் ஏறுவது எல்லாம் உடம்புக்கே தெரியும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரம், மருந்து மூடியில் 30 மில்லி தண்ணீரைக் கால் மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு இருந்தபோது பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த மணம் சுவர் மேல் பட்ட மாதிரி என் மேல் பட்டுப் போனது. அழுதுவிட்டேன். உம்மா வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது என் சாப்பாடு கடிகாரத்தைப் பார்த்து நடந்தது. திரவம், கூழ், குழைந்த சோறு என்று படிப்படியாக ஏறி, இரண்டாம் மாதம் முடியும்போதுதான் வீட்டுச் சாப்பாடு. மிக்சியில் அடித்த பாசிப்பருப்பும் புரோட்டீன் பவுடரும் நாக்கைக் கொன்றன. காப்பாற்றியது சுறாப் புட்டு. முள் இல்லை, மெத்தென்று இருக்கும், ரெண்டு ஸ்பூனிலேயே நிறைந்துவிடும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்றார்கள். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும், ஒரு முட்டையில் ஆறு. கடற்கரையில் பிறந்தவளுக்கு இது பெரிய கஷ்டமில்லை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாத தடைக்காலத்தில் மட்டும் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் முட்டையும் பருப்பும், எப்போதாவது நாட்டுப் படகில் வருகிற சூடை மீனும்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பசி திரும்பி வருவது எதிர்பார்த்ததுதான். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கொஞ்சமாவது வந்துவிடுகிறது. மிச்சமிருக்கிற இரைப்பை தையல் ஆறி, வீக்கம் வடிந்து, ஓரளவு இளகும். அதைப் பழையபடி பெருத்துவிட்டது என்று எண்ண வேண்டாம், இரைப்பையில் நன்றாக விரிந்து கொடுக்கிற பகுதியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்களே. அதோடு, 24 கிலோ இழந்த உடம்பு சும்மா இருக்காது. பஞ்சம் வந்துவிட்டது என்று அது நினைக்கிறது. செலவைக் குறைக்கும், தீனி கேட்கும். இதைத்தான் என் டாக்டரிடம் "ஆபரேஷன் தோத்துப்போச்சா சார்?" என்று கேட்டேன். அவர் திருப்பி ஒரே கேள்வி கேட்டார்: "பசி எப்போ வருது, எதைத் தின்ன பிறகு வருது?" பதில் தெரியாமல் முழித்தேன். ஒரு நோட்டில் எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் எழுதினேன். எழுதிப் பார்த்தால், பசி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு ஆள் இல்லை. நாலைந்து பேர் ஒரே பெயரில் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்காரர் ஆசிட். நெஞ்சுக்குழிக்குக் கீழே பிசைகிற மாதிரி, கொஞ்சம் எரிகிற மாதிரி இருக்கும். ஒரு பிஸ்கட் தின்றால் அடங்கும், அரை மணியில் திரும்ப வரும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு எதுக்களிப்பும் ஆசிட் தொல்லையும் வருவது சகஜம். அதைப் பசி என்று நினைத்துத் தின்றுகொண்டே இருப்பவர்கள் நிறைய. வெறும் வயிற்றுச் சாயாவை நிறுத்தி, டாக்டர் கொடுத்த ஆசிட் மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் அவர் போய்விட்டார். உங்களுக்கும் பதினோரு மணி என்பதால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்தவர் வேறு. இதில் தப்பு என்னுடையது. நம் ஊர்ச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். சோற்றைக் குழைத்து, மீன் ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றிப் பிசைந்து, நடுநடுவே ஒரு மடக்குத் தண்ணீர். குறுகலான குழாயில் அது சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நிறைந்த உணர்வே நிற்காது. டீயில் நனைத்த ரஸ்க், முறுக்கு, மிக்சர் எல்லாம் இதே கதைதான். மீன் துண்டு நாலு வாயில் நெஞ்சை அடைக்கும், மிக்சர் கால் கிலோ போனாலும் அடைக்காது. அடைப்பது பிடிக்காமல் நாம் மெதுவாக மிக்சர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்து எடை திரும்ப ஏறியவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் ஏறினார்கள், பிரியாணி தின்று அல்ல. இப்போது எனக்கு முதலில் மீன் அல்லது முட்டை, அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு, ஆணம் தொட்டுக்கொள்ள மட்டும். தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. முதல் வாரம் தொண்டை கெஞ்சும். பழகிவிடும்.

மூன்றாவது ஆள் தொதலோடு வந்தார். எங்கள் ஊர்த் தொதல் தெரியும்தானே? தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிக் கிண்டி அல்வா பதத்தில் வருவது. பெருநாளைக்கு மறுநாள் இரண்டு துண்டு போட்டேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து வேர்த்துப் படுத்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பசி வந்தது பாருங்கள், கை நடுங்க, கண் இருட்ட, கையில் கிடைத்ததைத் தின்கிற பசி. சர்க்கரை வேகமாக ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளியிருக்கிறது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம், ஸ்லீவிலும் வரும். அந்த நேரத்தில் பழைய ஆசை திரும்பிவிட்டது, நான் திருந்தவே மாட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். உங்களுக்கு இப்படி அடிக்கடி வந்தாலோ மயக்கம் வந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

இன்னொருவர் வேடிக்கையானவர். ஒன்பதாம் மாதம் எனக்கு ஐஸ் தின்ன வேண்டும் போல இருந்தது. ஐஸ்கிரீம் இல்லை, வெறும் ஐஸ்கட்டி. ஃப்ரீசர் டிரேயை நாளுக்கு மூன்று முறை காலி செய்து கடித்தேன். "லாத்தாவுக்குக் கம்பெனியிலேர்ந்து மீன் பெட்டிக்குப் போடுற பார் ஐஸ் ஒண்ணு கொண்டுவரட்டா?" என்று தம்பி கிண்டல் செய்தான். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். செக்கப்பில் ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு ஐஸ் கடிக்கும் வெறி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாத்திரையை நான் பாதி நாள் மறந்திருந்தேன். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் நமக்கு ஆயுளுக்கும் உண்டு. இரும்பு ஏறியதும் ஐஸ் ஆசை தானாக ஓடிவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்காரரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். போன் பேசி வைத்ததும் அடுப்படிக்குப் போவது என் பதினைந்து வருடப் பழக்கம். வயிறு காலியா நிறைவா என்று கால் கேட்பதில்லை. இதற்கு எந்த ஆபரேஷனும் கிடையாது. போன் வைத்ததும் மெஷினில் உட்கார்ந்து பட்டன் துளை போட ஆரம்பித்தேன். சில நாள் பலிக்கிறது.

இவர்கள் எல்லோரையும் வழியனுப்பிய பிறகும் ஒரு பசி மிச்சம் இருந்தது. கடைசியாகச் சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆன பிறகு, அவசரமில்லாமல் வந்தது. அவித்த முட்டை கொடுத்தாலும் சரி என்றது. அதுதான் நிஜப் பசி. அதற்குச் சோறு போட வேண்டும். பயந்துபோய்ப் பட்டினி கிடந்தால் அடுத்த வேளை அவசர அவசரமாக விழுங்கி வாந்தியில் முடியும். எனக்கு இரண்டு முறை முடிந்திருக்கிறது.

ஊருக்குள் வேறு ஒரு சிக்கல். எங்கள் கல்யாணங்களில் சகன் சாப்பாடு. பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஒருத்தி ஐந்து வாயில் கையை எடுத்தால் மற்றவர்களுக்கும் கை தயங்கும். "ஏம்புள்ள, நாங்கல்லாம் என்ன பேயா?" என்று ஒரு மாமி கேட்டே விட்டார்கள். ஆரம்பத்தில் கறித்துண்டைப் பிய்த்துப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளி நடித்தேன். இப்போது உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன், சகனில் என் பக்கத்துக் கறி யாருக்கு என்று ஏலம் விடுகிறார்கள்.

முதல் வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2022 ரமலான் எனக்கு ஐந்தாம் மாதம். தண்ணீரே சரியாக இறங்காத நேரம், விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களாச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2023ல் அனுமதி கேட்டுப் பிடித்தேன். நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாடு வரைக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரை மடக்கு மடக்காக உள்ளே தள்ளுவதுதான் பெரிய வேலை. மூன்றாம் நோன்பு அன்று அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் கஞ்சி மணம் வந்தது, வயிறு ஒரு முறை சுருங்கியது. இதற்கா பயந்தோம் என்றிருந்தது. உம்மாவைக் கூப்பிட்டு "எனக்குப் பசிக்குது" என்றேன். அவர்கள் மணியைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்குந்தான் பசிக்குது, பேசாம இரு" என்றார்கள்.

மறு ஆபரேஷன் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். ஏழு மாதத்தில், எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது, பசிக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் செய்யமாட்டார்கள். ஆனால் குடிக்கிற தண்ணீரும் தங்காமல் வாந்தி வந்துகொண்டே இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் போங்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதித்துவிடும். வயிற்று வலியோடு வருகிற பசி, எடை மாதாமாதம் ஏறுகிற பசி, இரண்டையும் உங்கள் சர்ஜனிடம்தான் காட்ட வேண்டும், என்னிடம் இல்லை.

பதினோரு மணிப் பசிக்கு முன்னால் என்ன குடிக்கிறீர்கள், கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள், ஆசிட் மாத்திரை இன்னும் போடுகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா? பத்து நாள் நோட்டில் எழுதிவிட்டு இங்கேயே கீழே போடுங்கள்.