வாங்கியவர் கேள்வி: வந்து வந்து போகும் நெட்வொர்க் கார்டு

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வியாதி. கணினியை ரவுட்டரோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மேசைக் கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பி குடித்துத் திரும்பினால் நெட் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. கார்டு போய்விட்டதா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

போகவில்லை, தூங்குகிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பகுதி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரிக்குப் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் அணைத்துவிடுங்கள். சில ரவுட்டர்களுக்கும் அதற்கும் ஒத்துவராது. ஒரு காசு செலவில்லை.

மூன்று நெட்வொர்க் கார்டு மாற்றிவிட்டேன். கடைசியாக வாங்கியது 45 வெள்ளி. எதுவும் சரியில்லை. விட்டு விட்டு வேலை செய்கிறது, வேகமும் திடீரென்று 100க்கு இறங்கிவிடுகிறது. எந்த பிராண்டு நல்லது? (பொங்கோல் வாசகர்)

கேபிளை மாற்றினீர்களா? உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று கார்டும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மாதிரிக் கெடுமா?

வேகம் 100க்கு இறங்குவதுதான் துப்பு. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கே போதும். ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் கார்டு முதலில் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும், முடியாதபோது இணைப்பை விட்டுவிடும். நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தையும் கதவிடுக்கில் நசுங்கும் இடத்தையும் பாருங்கள். பிளக்கின் மேல் உள்ள பிளாஸ்டிக் கிளிப்பையும் பாருங்கள். கிளிப் உடைந்த பிளக், துளையில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். விரலால் லேசாக அசைத்தால் பச்சை விளக்கு அணைந்து எரியும்.

புதுக் கேபிள் வாங்கும்போது உறையில் சிசிஏ (CCA) என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், மடங்கினால் சீக்கிரம் முறியும். முழுச் செம்பில் கேட் 5இ (Cat 5e) ரகக் கேபிள் வாங்கினாலே வீட்டுக்குப் போதும். பிராண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான்கு மாதத்துக்கு முன் 1,900 வெள்ளிக்கு ஒரு கடையில் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டி வாங்கிய கணினி. மதர்போர்டோடு வரும் நெட்வொர்க் போர்ட் தினமும் இரண்டு மூன்று முறை துண்டித்துக்கொள்கிறது. கேபிளை மாற்றினேன், ரவுட்டரில் வேறு துளையில் செருகினேன். மகனின் மடிக்கணினி அதே கேபிளில் நாள் முழுக்க ஓடுகிறது. கடைக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனேன். “போட்டுப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டு லைன்தான் கோளாறு” என்று சொல்லி 50 வெள்ளி பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். (ஈசூன் வாசகர்)

கேபிள், துளை, வேறு கணினி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். குற்றவாளி உங்கள் வீட்டு லைன் இல்லை.

“நல்லாத்தான் இருக்கு.” இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் என்ன செய்கிறார்கள்? குளிர்சாதன அறையில் கணினியைத் திறந்து, ஒரு வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மூடி வைக்கிறார்கள். நாளுக்கு இரண்டு முறை வரும் கோளாறு அந்தப் பத்து நிமிடத்தில் வந்து நிற்குமா? மருத்துவரைப் பார்த்ததும் ஓடிப்போகும் காய்ச்சல் மாதிரிதான் இதுவும். சிப் சூடேறியதும் வரலாம், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் தடுமாறும்போது வரலாம், ரவுட்டரோடு 2.5 ஜிகாபிட் வேகத்துக்குப் பேரம் பேசும்போது வரலாம். இன்டெலின் ஐ225 சிப்பின் முதல் பதிப்பிலேயே அந்த 2.5 ஜிகாபிட் வேகத்தில் தகராறு இருந்தது. விற்றவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. வாங்கியவர் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் திருப்பி அனுப்புகிறார்கள். கட்டணம் வேறு!

அதனால் இனிமேல் கடைக்குக் கணினியைத் தூக்காதீர்கள், ஆதாரத்தைக் கொண்டுபோங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு மைனஸ் டி, மறுபடி இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணைப் போடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. இன்னொரு ஜன்னலில் அதேபோல் 8.8.8.8 போடுங்கள், அது இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் எண். அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று பிங் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஓடவிடுங்கள். துண்டிக்கும்போது ரவுட்டரே பதில் சொல்லவில்லை, போர்ட்டின் விளக்கும் அணைந்திருக்கிறது என்றால் கோளாறு கணினிப் பக்கம். ரவுட்டர் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் சொல்லவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டு இணையச் சேவை நிறுவனத்தைப் பிடியுங்கள். திரையும் அணைந்த விளக்கும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி கைபேசியில் வீடியோ எடுங்கள். தேதி, நேரம் எழுதி வையுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரைப் போட்டுப் பாருங்கள், வேகத்தை 1 ஜிகாபிட்டில் நிறுத்தியும் பாருங்கள். யுஎஸ்பி குச்சியிலிருந்து லினக்ஸை ஓடவிட்டும் அதே கோளாறு வந்தால், விண்டோஸ்தான் காரணம் என்று கடை சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது சட்டம். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் வேலை. ஆனால் ஒன்று: குறை எப்போது வந்தது என்பதைத்தான் சட்டம் உங்களுக்காக ஊகிக்கும். குறை இருக்கிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அந்த வீடியோ அதற்குத்தான். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று கேளுங்கள். நியாயமான காலத்தில் செய்து தராவிட்டால் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பவோ கேட்கலாம். வாயால் சொல்லாமல் வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேளுங்கள். அந்த 50 வெள்ளியையும் சேர்த்துக் கேளுங்கள். சுவரில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அட்டை மாட்டியிருந்தால் மாட்டியிருக்கட்டும். அட்டை சட்டத்தை மாற்றாது. ஆறு மாதம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது, இன்றைக்கே எழுதுங்கள்.

இணையத்தில் ஒருவரிடம் பழைய 10 ஜிகாபிட் கார்டு 60 வெள்ளிக்கு வாங்கினேன். அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு செத்துவிடுகிறது. அணைத்து வைத்தால் மறுபடி உயிர் வருகிறது. லெமன் சட்டம் செல்லுமா? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பழைய பொருளுக்கும் அந்தச் சட்டம் உண்டு, ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து தன் பழைய கார்டை விற்றவர்மேல் செல்லாது.

கார்டு பெரும்பாலும் கெட்டிருக்காது. இவை சர்வர் பெட்டிக்குள், இரைச்சலோடு காற்று வீசும் விசிறிகளுக்கு முன்னால் உட்கார வேண்டியவை. வீட்டுக் கணினியில் அந்தக் காற்று கிடையாது. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, மேசை விசிறியை நேராகத் திருப்பி ஒரு நாள் ஓட்டுங்கள். சாகவில்லை என்றால் சூடுதான் காரணம். என் அலமாரியிலும் இதே ரகத்தில் ஒன்று கிடக்கிறது. மலிவு என்று வாங்கிய கார்டு, அதைக் குளிர்விக்க ஒரு விசிறி, விசிறிக்கு இடம் போதாமல் பெரிய பெட்டி. கணக்குப் போட்டால் புதுக் கார்டே மலிவு. இன்டெல் பெயரில் போலி கார்டுகளும் உலவுகின்றன, அதையும் மனதில் வையுங்கள்.

பேரங்காடியில் கூப்பிட்டுப் பேசி 10 ஜிகாபிட் இணையத் திட்டத்தை விற்றார்கள். என் மடிக்கணினியில் 940 எம்பிபிஎஸ்தான் வருகிறது. நெட்வொர்க் கார்டு பழுதா? (தெம்பனிஸ் வாசகர்)

பழுதில்லை. உங்கள் கார்டு 1 ஜிகாபிட், அதனால் அவ்வளவுதான் முடியும். கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

12 வெள்ளி யுஎஸ்பி வைஃபை குச்சி. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் நெட் போகிறது, எடுத்தால் வருகிறது. பேயா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பேய் இல்லை, யுஎஸ்பி 3.0. அது ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெலே 2012ல் இதை அளந்து எழுதியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் குச்சியும் அடுத்தடுத்த துளையில் இருந்தால் வைஃபை திணறும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கிக் குச்சியைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். உறையில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள். எல்லா அலைவரிசையையும் கூட்டிப் போட்ட எண் அது.

எனக்கு 71 வயது. நெட் அடிக்கடி ஒரு நிமிடம் போய்த் திரும்பியது. அப்போது கைபேசியிலும் வராது. வீட்டுக்கு வந்து பார்த்தவர் நெட்வொர்க் கார்டு எரிந்துவிட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார். 380 வெள்ளி கொடுத்தேன். பழையதையும் எடுத்துப் போய்விட்டார். மறுநாளே மறுபடி போனது. கேட்டால் ஃபோன் எடுப்பதில்லை. (தோ பாயோ வாசகி)

அம்மா, உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. கைபேசியிலும் போகிறது என்று நீங்கள் சொன்ன மறுநொடியே அவர் கணினியைத் திறந்திருக்கக் கூடாது. கணினிக்குள் இருக்கும் கார்டு எரிந்தால் கைபேசிக்கு என்ன வந்தது? ரவுட்டரையோ லைனையோ பார்க்க வேண்டிய கோளாறு இது.

தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று பொய் சொல்லிப் பணம் வாங்குவது நியாயமற்ற வணிக முறை. பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பிடம் புகார் கொடுங்கள். அதில் தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞருக்கு அங்கே அனுமதியே இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அவருடைய எண், அனுப்பிய செய்திகள், ரசீது எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இணையச் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டு, கைபேசியிலும் போகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை வேறு யாரையும் கணினியைத் திறக்க விடாதீர்கள்.

ரசீதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா? (அங் மோ கியோ வாசகர்)

கைபேசி வழிப் பணம் அனுப்பும் பேநவ்விலோ வங்கிக் கார்டிலோ கட்டியிருந்தால் வங்கிப் பதிவில் தேதியும் தொகையும் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.