புற்றுநோயும் விழுங்குசெல்களும் – கடிதம்

வணக்கம் ஐயா,

புற்றுநோய் பரவுவதற்கு நம் எதிர்ப்பு செல்களே உதவக்கூடும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு மார்பகக் கட்டியை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று கஷாயம், பொடி என்று தேடித்தேடிக் கொடுக்கிறேன். வேலியே பயிரை மேயும் என்றால் நான் செய்வது தவறா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா நலமாக இருக்கட்டும். உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை, அந்தப் பாரத்தை முதலில் இறக்கிவையுங்கள்.

வேலி இங்கே வேண்டுமென்று மேய்வதில்லை. கையில் வெட்டுப்பட்டால் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்குசெல்கள் வந்து கிருமிகளையும் செத்த செல்களையும் தின்னும், அப்புறம் புது ரத்தக்குழாய் முளைக்கவும் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடவும் அவையே சமிக்ஞை கொடுக்கும். புற்றுக்கட்டியை ‘ஆறாத புண்’ என்று 1986இல் சொன்னார் அமெரிக்க நோயியல் ஆய்வாளர் ஹெரால்ட் டிவோராக். அங்கேயும் இந்தச் செல்கள் வந்து தங்களுக்குத் தெரிந்த அதே வேலையைச் செய்கின்றன, பலன்தான் வேறு ஆளுக்குப் போகிறது.

எலிகளின் மார்பகக் கட்டியில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். புற்றுச்செல் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து விழுங்குசெல்லைக் கூப்பிடுகிறது, விழுங்குசெல் பதிலுக்கு இஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரந்து புற்றுச்செல்லை நகர வைக்கிறது, இப்படி ஒன்றையொன்று அழைத்தபடியே இரண்டும் ரத்தக்குழாய் வரை போய்விடுகின்றன. நியூயார்க்கில் ஜெஃப்ரி பொல்லார்டின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், சிஎஸ்எஃப்-1 இல்லாத எலிகளுக்கும் கட்டி வந்தது, வழக்கம்போல வளரவும் செய்தது, ஆனால் அது ஊடுருவிப் பரவும் கட்டியாக மாறுவது தாமதப்பட்டது. மார்பகப் புற்றில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் பரவலால்தான் என்பதால் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது.

சரி, அப்படியானால் எதிர்ப்புச் சக்தியே எதிரியா? இல்லை. அதே படையைச் சேர்ந்த டி செல்கள் புற்றுச்செல்லைக் கொல்கின்றன, அவற்றைத் தூண்டிவிடும் மருந்துகள் இன்று சிகிச்சையிலேயே இருக்கின்றன. எந்தச் செல், எந்த இடத்தில், எந்தச் சமிக்ஞைக்கு அசைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை ஒரு பொடி பார்த்துப் பிரித்துச் செய்யும் என்று நான் நம்பவில்லை. சில மூலிகைகள் புற்றுநோய் மருந்து வேலை செய்யும் விதத்தையே மாற்றிவிடும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த டப்பாக்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.