கேள்வி-பதில்: சம்பளம் அதிகம் என்பதால் சலுகை இல்லை; மகனின் படிப்புக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 28 லட்சம் ரூபாய். நுழைவுத் தேர்வு எழுதிய மகனுக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு ஆண்டுக்கு 5 லட்சம் ஆகும். வீட்டுக்கடன் தவணை போக, கையிருப்பு 12 லட்சம் வைப்புத்தொகை மட்டுமே. 51 வயதாகும் கணவர் பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார். உறவினர்களோ, இவ்வளவு சம்பளத்துக்குக் கடன் எதற்கு என்கிறார்கள். கல்லூரியில் ரசீது இல்லாமல் 2 லட்சமும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சம்பளம் அதிகமாக இருப்பதும் சேமிப்பு அதிகமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை உங்கள் உறவினர்கள் கவனிக்கவில்லை. பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீத வட்டி கிடைத்த அந்தத் தொகையை 51 வயதில் கரைத்தால், ஓய்வுக்கு முன் அதை மீண்டும் சேர்க்க உங்கள் கணவருக்குக் காலம் இருக்காது. மகனுக்கோ கடனை அடைக்க ஒரு பணிக்காலமே முன்னால் இருக்கிறது.

வைப்புத்தொகையின் நிலை வேறு. 7 சதவீத வட்டி என்றாலும், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் நிற்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே, வீட்டுத் தவணைக்கும் அவசரத்துக்கும் 5 லட்சத்தை ஒதுக்கிவிட்டு மீதி 7 லட்சத்தைக் கட்டணத்துக்குப் பயன்படுத்துங்கள். 7.5 லட்சத்துக்குக் கல்விக்கடன் வாங்குங்கள். அதற்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். படிப்புக்கு ஆகும் மொத்தம் 20 லட்சத்தில் எஞ்சிய 5.5 லட்சத்தை நான்கு ஆண்டுகளில் சம்பளத்திலிருந்து கொடுத்தால் மாதம் சுமார் 11,500 ரூபாய் ஆகும்.

வங்கி கடன் தொகையை ஆண்டுக்கு 1,87,500 ரூபாயாகக் கல்லூரிக்கு நேரடியாக அனுப்புகிறது என்றும், வட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். முதல் ஆண்டில் வட்டி 18,750 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 1,560. நான்காம் ஆண்டில் மாதம் 6,250. படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், இந்த வட்டியை மட்டும் அப்போதைக்கப்போது கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நான்கு ஆண்டு வட்டியான 1,87,500 ரூபாயும் அசலின் தலையில் ஏறிக்கொள்ளும்.

கையெழுத்திடும் முன் உங்கள் கணவர் எந்த வரி முறையில் இருக்கிறார் என்று பாருங்கள். பழைய முறையில் இருந்தால், கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வருமான வரியில் 80இ பிரிவு என்று நமக்குப் பழகிய கழிவு இதுதான். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 10 சதவீத வட்டி ஏறத்தாழ 6.9 ஆகக் குறைந்துவிடும். புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது. கழிவுக்காகவே பழைய முறைக்கு மாறுவது பலருக்கு நட்டத்தில் முடியும் என்பதால், இரண்டையும் கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள்.

அரசின் வட்டிச் சலுகைகள் உங்களுக்குப் பொருந்தா, பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் 3 சதவீத வட்டித் தள்ளுபடிகூட 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கே. ஆனால் அத்திட்டத்தின் பிணையில்லாக் கடனுக்கு வருமான வரம்பு இல்லை என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் அத்திட்டத்தின் கல்வி நிறுவனப் பட்டியலில் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பிளஸ் 2 மதிப்பெண்ணையோ நுழைவுத் தேர்வுத் தரவரிசையையோ வைத்து, வருமானம் பார்க்காமல் கட்டணத்தைக் குறைப்பதுண்டு. அப்படிக் கிடைத்தால் அது நான்கு ஆண்டுக்கும் உண்டா, ஆண்டுதோறும் குறிப்பிட்ட சராசரி எடுத்தால்தானா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் சலுகை நின்றுபோனால் உங்கள் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

ரசீது இல்லாத அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணம் வசூலிப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தொகைக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, வரிக் கழிவும் கிடைக்காது. மகன் வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால் திருப்பிக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. கட்டண விவரத்தை வகைவாரியாகக் கல்லூரியின் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். கடன் விண்ணப்பத்துக்கு வங்கி கேட்பதும் அந்தத் தாளைத்தான்.