காளான் படுக்கையில் பச்சைப் பூசணம் ஏன்?

கேள்வி: பயிற்சி முடித்த எங்கள் மகளிர் குழு சிப்பிக்காளான் வளர்க்கிறது. பையில் வைக்கோலையும், காளான் இழை படர்ந்த தானியமான வித்தையும் அடுக்கிப் படுக்கை போட்ட பத்து நாளில் பாதிப் பைகளில் பச்சைப் பூசணம் வந்துவிடுகிறது. வித்து கெட்டதா?

பதில்: எல்லோரும் முதலில் வித்தின் மேல்தான் பழி போடுவார்கள், பெரும்பாலும் குற்றம் வைக்கோலில் இருக்கும். 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். மிதக்கும் வைக்கோல் சரியாக வேகாது, கனமாக எதையாவது வைத்து அமுக்குங்கள். அடுத்தது உலர்த்தல். அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். வைக்கோலைச் சூடு ஆறாமல் பையில் போட்டால் வித்து செத்து, அந்த இடத்தைப் பூசணம் பிடித்துக்கொள்ளும்.

வித்தையும் பார்த்து வாங்குங்கள். தானியம் முழுவதும் இழை வெள்ளையாகப் படர்ந்திருந்தால் நல்லது. பச்சை, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். பூசணம் பிடித்த பையை அறைக்குள் பிரிக்கவே கூடாது, அதன் தூள் பறந்து மற்றப் பைகளுக்கும் தொற்றும். கட்டோடு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: காளானின் தண்டு நீண்டு, குடை சிறுத்துப்போகிறதே?

பதில்: காற்றோட்டம் போதவில்லை. ஈரம் போய்விடும் என்று சன்னலை அடைத்திருப்பீர்கள். காளான் விடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கினால் இப்படித்தான் ஆகும். சன்னலைத் திறந்து ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும்.