சென்னையா, பெங்களூரா: மாற்றலுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன், வயது 36. நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் சென்னை சோழிங்கநல்லூர் அலுவலகம் அல்லது பெங்களூரு ஒயிட்ஃபீல்டு அலுவலகம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பெங்களூரு சென்றால் மாதம் 12,000 ரூபாய் சம்பளம் கூடும். மனைவி கணித ஆசிரியை. மகள் வரும் கல்வியாண்டில் இரண்டாம் வகுப்பு. 68 வயதான அம்மாவுக்கு வீசிங் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார் ஒன்று வைத்திருக்கிறோம். எந்த ஊர் எங்களுக்குச் சரிப்படும்?

பதில்: உங்கள் கேள்வி ஊரைப் பற்றியது. ஆனால் இடமாற்றம் பெறும் ஊழியர்களுக்கு வீடும் பள்ளியும் ஏற்பாடு செய்து தரும் பணியில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், ஊரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு வீடு தேடப் போனவர்களே பெரும்பாலும் வருந்தினார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும், அலுவலகப் பயணம் நீங்கலாக, உங்கள் அன்றாட வாழ்க்கை, வீடு, பள்ளி, மளிகைக் கடை, மருத்துவர் என்ற ஏழெட்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் நடக்கப் போகிறது. ஆகவே இரண்டு ஊர்களிலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு வீடுகளை மனத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த 12,000 ரூபாயை அளந்துவிடுவோம். நீங்கள் 30 சதவீத வருமான வரி அடுக்கில் இருந்தால், கூடுதல் வரியும் சேர்த்துக் கழித்த பிறகு கையில் வருவது ஏறக்குறைய 8,250 ரூபாய். பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது நெடுநாள் வழக்கம்; இப்போது பல பகுதிகளில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருக்கிறது. சென்னையில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், தனியாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதைக் காட்டிப் பேரம் பேசலாம். அதற்கு மேல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓரிடத்தில் 90,000 ரூபாயும் மற்றோரிடத்தில் 1,50,000 முதல் 3,00,000 ரூபாய் வரையிலும் முடங்கும். வீட்டைக் காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் பெங்களூரில் பரவலாக உள்ளது. முதல் ஆண்டில் கூடுதல் சம்பளத்தின் பெரும்பகுதி இவற்றிலேயே கரைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் வரி இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதை ஒப்பிட வேண்டியதில்லை.

அடுத்து, தண்ணீர். உங்கள் முடிவில் இதற்குத்தான் அதிக எடை தர வேண்டும் என்பது என் கருத்து. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகில் பெரிய ஆறு கிடையாது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீரைப் படிப்படியாக மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்த நீர் பழைய நகருக்கு நன்றாகவே வருகிறது. மாநகராட்சியோடு பின்னர் இணைக்கப்பட்ட 110 கிராமங்களின் பகுதிகள் நெடுங்காலம் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருந்தன; 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது அதிகம் தவித்தவை அவைதாம். அந்த ஆண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் தெருவில் குழாய் வந்துவிட்டது என்பதாலேயே நீங்கள் பார்க்கும் குடியிருப்பு இணைப்புப் பெற்றுவிட்டது என்று பொருளாகாது.

சென்னையும் இதில் குறைந்ததல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருப்பதால் மழை பொய்த்தாலும் ஓரளவு நீர் நிச்சயம். நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் இன்றும் லாரித் தண்ணீர் சாதாரணக் காட்சி. பெங்களூரின் புறநகரைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை சோழிங்கநல்லூருக்கும் அப்படியே பொருந்தும்.

வீடு பார்க்கப் போகும்போது தரகரின் பேச்சைக் கேட்பதற்கு முன் குளியலறைக்குள் செல்லுங்கள். குழாயின் வாயிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், அந்த வீட்டுக்கு வருவது போர் தண்ணீரோ அதே ரகமான லாரித் தண்ணீரோதான். ஹீட்டரும் சலவை இயந்திரமும் அதில் சீக்கிரம் பழுதாகும், தலைமுடி உதிர்வதாக வீட்டில் புகார் எழும். பிறகு காவலாளியிடம், மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வந்தது என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள் சொல்லத் தயங்குவதை அவர் சொல்லிவிடுவார். நான் பெங்களூரின் கிழக்குப் புறநகரில் குடியிருந்த வீட்டில் ‘காவேரி கனெக்ஷன் உண்டு’ என்று உரிமையாளர் உறுதியளித்திருந்தார். இணைப்பு இருந்தது உண்மை. ஆனால் பதினோரு மாதங்களில் அதில் ஒரு சொட்டு நீர் வரவில்லை, மாதந்தோறும் பராமரிப்புத் தொகையோடு லாரிக்கும் பணம் கட்டினேன். எனவே இணைப்பு உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், சம்ப்பின், அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியின், மூடியைத் திறக்கச் சொல்லி, நீர் எந்தக் குழாயிலிருந்து, வாரத்தில் எந்தெந்த நாளில் விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னையில் இன்னொரு சோதனையும் தேவை. வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் போன்ற இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளும் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கின. சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது. பெங்களூரிலும் 2022 செப்டம்பரில் பெள்ளந்தூர்ப் பக்கம் வெளிவட்டச் சாலை நீரில் மூழ்கியது. சென்னையில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிக்கையைக் கவனித்தபடி இருப்பது, குறிப்பாக வயதானவர் இருக்கும் வீட்டில், ஒரு தனிப் பொறுப்பு.

இனி, அலுவலகப் பயணம். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் சாலையில் போகிறவருக்கு உண்மை. சில்க் போர்டு சந்திப்பையோ வெளிவட்டச் சாலையையோ நாள்தோறும் கடக்கும்படி வீடு எடுத்தால், நாளின் மூன்று மணி நேரத்தைக் காருக்குள் கழிக்க நேரும். ஆனால் உங்கள் அலுவலகம் ஒயிட்ஃபீல்டில் இருப்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. 2023 அக்டோபரில் ஊதா வழித்தட மெட்ரோ ஒயிட்ஃபீல்டு முதல் செல்லகட்டா வரை முழுமையடைந்தது. அல்சூர், இந்திராநகர், பையப்பனஹள்ளி ஆகிய நிலையங்களிலிருந்து வண்டி மாறாமல் முக்கால் மணி நேரத்துக்குள் ஒயிட்ஃபீல்டு சென்றுவிடலாம். 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தி உச்சத்தை 90 ரூபாயாக்கினார்கள். அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவே. சோழிங்கநல்லூருக்கோ மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் செல்லும் தடமும், மாதவரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வரும் தடமும் திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. அவை முடிந்தால் சோழிங்கநல்லூர் இரண்டு தடங்கள் சந்திக்கும் இடமாகிவிடும். அதுவரை நீங்கள் பயணம் செய்யப்போவது மெட்ரோ பணிக்காகக் குறுகிய சாலையில்தான்.

இதனால்தான் அலுவலகத்துக்கு அருகிலேயே வீடு பாருங்கள் என்ற வழக்கமான அறிவுரை உங்கள் விஷயத்தில் தலைகீழாகிறது. பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில், அதாவது அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் வீடு கிடைத்தால், உங்களுக்குக் காவிரி நீரும் மெட்ரோவும் ஒருசேர அமையும். அம்மாவுக்கும் அந்தப் பகுதி பழகிய ஊர்போல இருக்கும். 1809இல் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்ததைத் தொடர்ந்து தமிழர்கள் குடியேறிய பகுதி அது. பூக்காரரும் காய்கறிக் கடைக்காரரும் தமிழில் பதில் சொல்வார்கள், அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அருகிலேயே இருக்கிறது. 68 வயதில் ஊர் மாறுகிறவருக்கு, யாரையும் துணைக்கு அழைக்காமல் கோவிலுக்கும் கடைக்கும் போய்வர முடிகிறதா என்பது தட்பவெப்பத்தை விடவும் பெரிய விஷயம். பகல் முழுவதும் பதினான்காவது மாடியில் பேச்சுத் துணையின்றி உட்கார்ந்திருந்து, ஆறே மாதத்தில் திருச்சிக்கே திரும்பிய பெற்றோர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது இரு ஊர்களின் புறநகர்களிலும் நடக்கிறது. பழைய பகுதியில் வாடகை சற்றுக் கூடுதலாக இருக்கும், கட்டடம் புதிதாக இராது, கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். இந்த மூன்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.

காவிரிப் பிரச்சினை எழும்போது பாதுகாப்பு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் அம்மா கேட்பார். 1991 டிசம்பரில் தமிழர்கள் தாக்கப்பட்டதும் 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டதும் நடந்தவை. அந்த நாட்களைத் தவிர்த்தால், அக்கம்பக்கத்தாரோடு சிக்கலின்றி வாழும் தமிழர்கள் அங்கே மிகப் பலர். அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய கன்னடத்தை முதல் மூன்று மாதங்களிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அது குடியிருக்கும் மண்ணுக்குச் செய்யும் மரியாதை.

மகளின் பள்ளியைப் பொறுத்தவரை ஒரு கணக்கை இப்போதே போட்டுவிட வேண்டும். கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் ஒரு மொழிப் பாடம். ஏழு வயதுக் குழந்தை அதை எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்காது. தமிழ்நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் உண்டு. ஆகவே எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் அவள் தமிழ்ப் பாடத்தில் தடுமாறுவாள். பெங்களூரில் மூன்று ஆண்டு அல்லது பத்து ஆண்டு என்று நினைத்துப் போங்கள். இடையில் திரும்பும் திட்டம் வேண்டாம். எப்படியானாலும் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கப் பாட்டி சொல்லித்தரட்டும். உங்கள் மனைவி கணித ஆசிரியை என்பதால் இரு ஊர்களிலும் தனியார் பள்ளிகளில் வாய்ப்பு உண்டு.

சிறு செலவுகள் சிலவற்றைப் பார்ப்போம். சென்னையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏ.சி. இல்லாமல் அம்மாவால் உறங்க முடியாது. இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஓர் ஏ.சி.க்கு எட்டுப் பத்து யூனிட் ஆகும்; இரண்டு மாதக் கணக்கில் அதுவே 500 யூனிட்டைத் தொட்டுவிடும், அதைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதியின் விலையும் கூடும். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் கையில் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெங்களூரில் பெரும்பாலான மாதங்கள் மின்விசிறியே போதும். பெண்களுக்கு இலவசப் பேருந்து இரு மாநிலங்களிலும் உண்டு. தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அடையாள அட்டை கேட்பதில்லை, கர்நாடகத்திலோ அம்மாநில முகவரியுள்ள அட்டை வேண்டும். அதற்காக அம்மாவின் ஆதார் முகவரியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். திருச்சி ரேஷன் அட்டையோடு அது இணைந்திருக்கிறது.

திருச்சியிலிருந்து இரு நகரங்களும் ஏறக்குறைய சம தூரம். ஆனால் சென்னைக்கு மலைக்கோட்டை, பல்லவன், வைகை, சோழன் என்று வண்டிகள் ஏராளம். பெங்களூருக்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது மயிலாடுதுறை வழியாக வந்து மைசூரு செல்லும் விரைவு வண்டியை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் 60 நாள் முன்பதிவு திறக்கும் காலையிலேயே டிக்கெட் எடுக்காவிட்டால் பேருந்துதான் கதி.

கார், ஓராண்டுக்கு மேல் கர்நாடகத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். திருச்சி ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று, கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதம், அங்கே வாழ்நாள் வரி என்று அலைச்சல் உண்டு. அந்த வரி நாட்டின் உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் வீடு அமைந்தால், காரைத் திருச்சியிலேயே விட்டுச் செல்வது பற்றி யோசியுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து நான் சொல்வது: இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி, அல்சூர் முதல் பையப்பனஹள்ளி வரை மெட்ரோ நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள், காவிரி நீர் உண்மையிலேயே வரும் வீடு தேடுங்கள். கிடைத்தால் பெங்களூரு செல்லுங்கள். கிடைக்காமல், ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் லாரித் தண்ணீர்க் குடியிருப்புதான் அமையும் என்றால், அந்த 8,250 ரூபாயை மறந்துவிட்டுச் சென்னைக்கு வாருங்கள். அப்போதும் சோழிங்கநல்லூரில் அல்லாமல், குரோம்பேட்டை அல்லது தாம்பரம் கிழக்கின் மேடான தெருக்களில் வீடு பாருங்கள்.

ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அம்மாவை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, பெங்களூரின் குளிரும் மகரந்தத் தூசியும் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் டிசம்பர் இறுதியில் அல்சூர்ப் பக்கம் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ இரண்டு வாரம் அவரைத் தங்கவைத்துப் பாருங்கள். இன்ஹேலரும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். விடியற்காலைக் குளிரில் அவருக்கு இழுப்பு அதிகமானால், வீடு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சென்னை அலுவலகத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.