23 வயது, முதல் வேலை. கிரெடிட் கார்டு வாங்கினால் சிபில் ஸ்கோர் ஏறுமா?

ஏறும் தம்பி, மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டினால். வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். இதுவரை கடனே வாங்கியதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இப்போது ஸ்கோரே இருக்காது. வீட்டில் "கார்டு பக்கமே போகாதே" என்றும் சொல்லியிருப்பார்கள்.

என் மகளுக்கும் சொந்தக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். வேலைக்குப் போன புதிதில் ஸ்கூட்டர் லோன் கேட்டாள். ரிப்போர்ட்டில் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 1. ஸ்கோர் 300லிருந்து 900 வரை. மைனஸ் 1 என்றால் கடன் வரலாறே இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் லோன் கேட்ட இடத்தில் இருந்தவர் அவளை யாரையோ ஏமாற்றிவிட்டு வந்தவள் மாதிரி பார்த்தார். பல வருடமாகக் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் பெயரில் 25,000 ரூபாய் எஃப்.டி. போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கினோம். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. லிமிட் 20,000. பெட்ரோல், ரீசார்ஜ், மளிகைக்கு மட்டும் தேய்த்தாள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பார்கள், அவளுக்கு அது 6,000. ஒரு தீபாவளிக்குத் துணி எடுத்ததில் பாக்கி 11,000 ஆகிவிட்டது. பில் 12ஆம் தேதி வரும். பெரும்பாலும் பில்லில் நிற்கிற பாக்கிதான் சிபிலுக்குப் போகும் என்பதால், 10ஆம் தேதியே 6,000 கட்டச் சொன்னேன். மீதி 5,000 மட்டும் பில்லில் வந்தது, அதையும் கெடுவுக்குள் கட்டிவிட்டாள். அடுத்த வருடம் ஸ்கோர் 750ஐத் தாண்டியது, ஸ்கூட்டரும் வந்தது. அவளை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒன்று போட்டிருப்பான். 10,000 பில்லுக்கு 500 கட்டினால் போதும் என்று தோன்றும். மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கடன்காரனாவதற்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கையில் காசு இருக்கிற செலவுக்கு மட்டும்தான் தேய்க்கச் சொல்கிறேன். சம்பளம் நிலையாக வராதவர்கள் பொறுத்தே வாங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஃப்.டி. போடப் போன கிளையில், கூடவே ஓர் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கணும் என்று படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. "கட்டாயம் என்றால் எழுதிக் கொடுங்கள்" என்றேன். படிவம் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் இப்படிக் கேட்பார்களா? அவர்கள் தலையில் எத்தனை பாலிசியைக் கட்டியிருப்பார்கள்? நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கிற நான்கு நிறுவனங்களுமே வருடம் ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, விடாமல் கேட்டு வாங்குங்கள்.